ஏவுகணைப் படகு: வகுப்பறைக்கு ஒரு கடல் பாடம்

(குறுவள மைய அளவில் நடைபெற்ற அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களின் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4ஆம் நாள் காலை வணக்கக் கூட்டத்தில் ‘இன்றைய சிறப்பு’ என்று ஒரு மாணவர் வாசிப்பார். “இன்று இந்தியக் கடற்படை தினம்.” அத்துடன் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஏன் டிசம்பர் 4 என்று ஒரு பிள்ளை கேட்டால், “1971இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள்” என்கிறோம். எதைக் கொண்டு தாக்கினார்கள், அது எப்படி முடிந்தது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

அன்று கராச்சிக்குப் போனவை பெரிய போர்க்கப்பல்கள் அல்ல. 39 மீட்டர்கூட நீளமில்லாத சிறு படகுகள். நம் ரயில் பெட்டிகள் இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் வரும் நீளத்தைவிடக் குறைவு. இந்த ஒரு படகை மையமாக வைத்துக்கொண்டால் பத்தாம் வகுப்பின் இயக்க விதிகளும், கணக்கின் பிதாகரஸ் தேற்றமும், புவியியலின் துறைமுகங்களும், வரலாற்றின் 1971 போரும் ஓரிடத்தில் வந்து சேருகின்றன. அதோடு, ஆயுதத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்ற கேள்வியும் வருகிறது. என் உரை இந்த இரண்டைப் பற்றியதுதான்.

கொசுவும் குளவியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்துக்கு ஒரு சிக்கல். கடற்கரை மிக நீளம். எதிரில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்கள். அவற்றுக்கு ஈடாகப் பெரிய கப்பல்களைக் கட்டப் பணமும் காலமும் ஏராளமாக வேண்டும். எனவே கரையோரத்தைக் காக்க வேறு வழி தேடினார்கள். ஏற்கெனவே இருந்த டார்பிடோ படகின் மேல் இரண்டு ஏவுகணைகளை வைத்தார்கள். அதற்குக் ‘கோமார்’ என்று பெயர். ரஷ்ய மொழியில் கொசு என்று பொருள்.

அடுத்து, ஏவுகணைக்கென்றே புதிதாக வடிவமைத்த படகு ‘ஓசா’. குளவி என்று பொருள். 1960ஆம் ஆண்டு வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. 38.6 மீட்டர் நீளம், 7.6 மீட்டர் அகலம், முழுச் சுமையுடன் சுமார் 210 டன் எடை. மூன்று டீசல் இயந்திரங்கள். வேகம் 38 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 70 கிலோமீட்டர். சுமார் முப்பது பேர் இருப்பார்கள். நான்கு ஏவுகணைகள். இந்த வகைப் படகுகள் 400க்கும் மேல் கட்டப்பட்டன. இந்தியா, எகிப்து, சிரியா, இராக் எனப் பல நாடுகளுக்கும் போயின.

அதிலிருந்த ஏவுகணையின் பெயர் பி-15. மேலை நாட்டார் ‘ஸ்டிக்ஸ்’ என்று அழைத்தார்கள். கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை. அதன் முனையில் 454 கிலோ எடையுள்ள வெடிமுனை. சுமார் 40 கிலோமீட்டர் தூரம் பறக்கும்.

நியூட்டனின் மூன்றாம் விதி

இங்கே வகுப்பில் ஒரு கேள்வியைப் போடலாம். 210 டன் படகு அரை டன் வெடிமுனையைச் சுமந்த ஆயுதத்தை 40 கிலோமீட்டர் தூரம் அனுப்புகிறது. இதே வேலையைப் பீரங்கியால் செய்ய முடியாதா?

செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் 14 அங்குலப் பீரங்கி, சுமார் 720 கிலோ குண்டை எறிந்தது. அந்தப் பீரங்கியின் குழாய் ஒன்று மட்டுமே 80 டன் அளவுக்கு எடை கொண்டது. அதைத் தாங்கிய கப்பலின் எடை 35,000 டன்னுக்கு மேல். ஏன் இவ்வளவு பெரிய கப்பல்? குண்டு முன்னோக்கிப் பாயும்போது பீரங்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. குண்டுக்குக் கிடைத்த உந்தம் முழுவதும், அதே அளவில் எதிர்த் திசையில், கப்பலின் தலையில் வந்து விழுகிறது. சிறு படகில் அந்தப் பீரங்கியை வைத்துச் சுட்டால் படகுதான் உடையும்.

ஏவுகணை என்ன செய்கிறது? அது தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்கிறது. வாயு பின்னால் பீறிட, ஏவுகணை முன்னால் போகிறது. எதிர்வினையை ஏற்றுக்கொள்வது வெளியேறும் வாயு. படகு சற்று அதிர்வதோடு சரி. மூன்றாம் விதி மாறவில்லை. எதிர்வினை யார் மேல் விழுகிறது என்பதுதான் மாறியது. 35,000 டன் கப்பல் செய்த வேலையை 210 டன் படகு செய்யத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

நாம் வழக்கமாக பலூனை ஊதிவிட்டு மூன்றாம் விதியை நடத்துகிறோம். அது தொடரட்டும். பலூனுக்குப் பிறகு, “சின்னப் படகால் எப்படி முடிந்தது?” என்ற கேள்வியையும் வைத்துப் பாருங்கள். விதியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, அதைப் பயன்படுத்திப் பதில் தேடத் தொடங்கும்.

அடிவானம் எவ்வளவு தூரம்?

இரண்டாவது செய்தி, கணக்கு ஆசிரியர்களுக்கு. கடலில் எவ்வளவு தூரம் பார்க்க முடியும்? பூமி உருண்டை. எனவே கண்ணின் உயரத்தைப் பொறுத்தது. பூமியின் மையம், நம் கண், அடிவானப் புள்ளி மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தின்படி தூரம், இருமடங்கு பூமி ஆரத்தை உயரத்தால் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழச் சமம்.

பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர். படகின் ரேடார் 9 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிவானம் 10.7 கிலோமீட்டர். எதிரே வரும் பெரிய கப்பலின் உச்சி 25 மீட்டர். அதன் அடிவானம் 17.9 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் சுமார் 28.6 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில்தான் கப்பலின் உச்சி அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும். ரேடார் அலைகள் காற்றில் சற்றே வளைந்து செல்வதால் உண்மையில் அது இன்னும் கொஞ்சம் கூடி 33 கிலோமீட்டர் ஆகும். வானிலை சாதகமாக இருந்தால், கடல் மட்டத்துக்கு அருகில் வெப்பநிலையும் ஈரப்பதமும் அடுக்கடுக்காக மாறுவதால், அலைகள் இன்னும் வளைந்து வெகுதூரம் செல்வதும் உண்டு. கானல் நீர் பாடத்தில் நாம் சொல்லும் ஒளிவிலகல்தான் இங்கும் நடக்கிறது.

உயரமான கப்பல் வெகுதூரத்திலிருந்தே தெரியும். தாழ்வான சிறு படகு கடல் அலைகளின் எதிரொலிக்குள் ஒளிந்துகொள்ளும். பெரிதாக இருப்பதே பலம் என்ற பழைய கணக்கு இங்கே தலைகீழாகிறது.

இன்னொரு கணக்கு. ஏவுகணையின் வேகம் ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. நொடிக்கு 300 மீட்டர் என்று வைப்போம். 30 கிலோமீட்டரைக் கடக்க 100 நொடிகள். அதற்குள் 25 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் எவ்வளவு நகர்ந்திருக்கும்? நொடிக்கு 13 மீட்டர். ஆக 1,300 மீட்டர். ஏவியபோது இருந்த இடத்தைக் குறிவைத்தால் ஏவுகணை வெறும் கடலில்தான் விழும். எனவே கடைசிக் கட்டத்தில் அது தன் முனையிலுள்ள சிறு ரேடாரை இயக்கித் தானே இலக்கைத் தேடும். இந்த இடத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கேயே திரும்பி வர வேண்டியிருக்கும்.

1967: உலகம் விழித்துக்கொண்ட மாலை

1967 அக்டோபர் 21. எகிப்தின் போர்ட் சயித் துறைமுகத்துக்கு வெளியே இஸ்ரேலின் ‘எய்லாத்’ என்ற நாசகாரிக் கப்பல் ரோந்து சென்றுகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் கட்டப்பட்டது. துறைமுகத்துக்குள் நின்ற எகிப்தின் கோமார் படகுகள் வெளியே வரக்கூட இல்லை. உள்ளிருந்தபடியே ஏவுகணைகளை ஏவின. எய்லாத் மூழ்கியது. 47 பேர் இறந்தனர். படகிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கியது உலகில் அதுவே முதல் முறை.

அதுவரை சிறு படகுகளைப் பெரிதாக மதிக்காத கடற்படைகள் எல்லாம் கணக்கை மாற்றிப் போட்டன. பிரான்சின் எக்சோசெட், அமெரிக்காவின் ஹார்பூன் போன்ற ஏவுகணைகளின் வளர்ச்சி வேகமெடுத்ததில் அந்த மாலைக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்தியாவுக்கு வந்த எட்டுப் படகுகள்

1965 போரின்போது பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத்தின் துவாரகை மீது குண்டு வீசின. கடற்கரையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. சோவியத் ஒன்றியத்திடமிருந்து எட்டு ஓசா படகுகளை வாங்கினோம். வித்யுத், விஜேதா, வினாஷ், வீர், நாஷக், நிபாத், நிர்பிக், நிர்காட் என்று பெயரிட்டார்கள். வாங்கியதன் நோக்கம் துறைமுகங்களையும் கரையையும் பாதுகாப்பது.

நம் வீரர்கள் விளாடிவோஸ்டாக் சென்று, முதலில் ரஷ்ய மொழி கற்று, பிறகு படகுப் பயிற்சி பெற்றார்கள். படகுகள் பெரிய சரக்குக் கப்பல்களின் மேல் ஏற்றி அனுப்பப்பட்டன. அவற்றை இறக்கும் அளவுக்குப் பம்பாய்த் துறைமுகத்தில் கிரேன் இல்லை. எனவே கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து மற்றக் கப்பல்களில் கட்டி இழுத்துக்கொண்டு, தீபகற்பத்தைச் சுற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். இந்த வழியைப் பிள்ளைகளை வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். நம் தமிழகக் கடற்கரையைக் கடந்துதான் போயிருக்கும்.

கிரேன் இல்லாத குறையால் ஒரு நன்மை விளைந்தது. இந்தப் படகுகளை வெகுதூரம் இழுத்துச் செல்ல முடியும் என்பது தெரிந்தது. படகின் பெரிய பலவீனமே அதன் எரிபொருள்தான். வேகமாக ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கரையோரக் காவலுக்கு அது போதும். இழுத்துச் சென்று எதிரியின் வாசலருகில் விட்டால்? கரையைக் காக்க வாங்கிய படகு, தாக்கப் போகும் படகாக மாறும் யோசனை இப்படிப் பிறந்தது. அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா தன் இளமைக்காலத்தைக் கராச்சியின் மனோராத் தீவில் கழித்தவர். அந்தத் துறைமுகத்தை நேரில் அறிந்தவர்.

புவியியல் ஆசிரியர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். ஏன் கராச்சி? அன்றைய மேற்குப் பாகிஸ்தானின் முதன்மைத் துறைமுகம் அது. கடற்படைத் தலைமையகம் அங்கே. எண்ணெய்க் கிடங்குகள் அருகிலுள்ள கேமாரியில். கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல் வழியாகப் போக வேண்டுமானால் கராச்சியிலிருந்து இந்தியத் தீபகற்பம் முழுவதையும் சுற்ற வேண்டும். ஒரு நாட்டின் கடல் வாணிகம் பெரும்பாலும் ஒரே துறைமுகத்தை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

டிசம்பர் 4 இரவு

‘ஆபரேஷன் டிரைடெண்ட்’ என்று பெயர். நிபாத், நிர்காட், வீர் ஆகிய மூன்று ஏவுகணைப் படகுகள். துணைக்கு கில்தான், கச்சால் என்ற இரண்டு கப்பல்கள். கில்தான் இலட்சத்தீவிலுள்ள ஒரு தீவின் பெயர். கச்சால் நிக்கோபார்த் தீவுகளில் ஒன்று. வகுப்பில் இந்தப் பெயர்களை வரைபடத்தில் தேடச் சொன்னால் பத்து நிமிடம் போவதே தெரியாது. ஏவுகணைப் படகணியின் தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ் நிபாத்தில் இருந்தார். கில்தானின் தலைவர் கமாண்டர் கோபால் ராவ், பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 2021இல் மறைந்தார். இருவருக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

அணி பகல் முழுவதும் கராச்சிக்குத் தெற்கே சுமார் 250 கடல் மைல் தள்ளிக் காத்திருந்தது. 463 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மதுரை அளவு. பாகிஸ்தான் விமானங்களின் கண்காணிப்புத் தூரத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக. அவர்களின் விமானங்களில் பெரும்பாலானவற்றால் இரவில் கப்பலைத் தாக்க முடியாது. எனவே இருட்டிய பிறகு நெருங்கி, விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். வானொலியில் நம்மவர்கள் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது அந்த இரவைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

நிர்காட் ஏவிய இரண்டு ஏவுகணைகள் பாகிஸ்தானின் ‘கைபர்’ என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. வீர் ஏவியது ‘முஹாஃபிஸ்’ என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலை மூழ்கடித்தது. ‘வீனஸ் சேலஞ்சர்’ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. ‘ஷா ஜஹான்’ என்ற இன்னொரு நாசகாரி பலத்த சேதமடைந்தது. கேமாரியின் எண்ணெய்க் கிடங்கு மீதும் ஏவுகணை ஏவப்பட்டது. நம் படகுகள் ஒன்றுகூடச் சேதமில்லாமல் திரும்பின.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8 இரவு, வினாஷ் என்ற ஒரே படகு, தல்வார், திரிசூல் என்ற இரு போர்க்கப்பல்களின் துணையுடன் மீண்டும் போனது. அது ‘ஆபரேஷன் பைத்தான்’. நான்கு ஏவுகணைகள். கேமாரியின் எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. பாகிஸ்தானின் எண்ணெய்க் கப்பலான டாக்கா சேதமடைந்தது.

ஒரு மாணவியின் கேள்வி

இதுவரை சொன்னதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். கைதட்டட்டும். துணிவும் திட்டமிடலும் பாராட்டத்தக்கவையே. உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களை மதிக்கக் கற்றுத்தருவது நம் கடமை.

ஆனால் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், படகுல இருந்தவங்க அந்தக் கப்பலைப் பார்த்தாங்களா?”

“இல்லம்மா, ரேடார் திரையில ஒரு புள்ளியாத்தான் பார்த்தாங்க” என்றேன்.

“அப்போ அந்தப் புள்ளிக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க?”

கைபரில் மட்டும் 222 பேர் இறந்தார்கள். முஹாஃபிஸில் 33 பேர். நான் அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியானது. அந்த அமைதியை அவசரப்பட்டுக் கலைக்காமல் விட்டதால்தான் அடுத்த அரை மணி நேரம் நல்ல பாடமாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

கைபரில் இருந்தவர்களுக்குத் தங்களைத் தாக்கியது என்னவென்றே தெரியவில்லை. இருளில் ஒரு வெளிச்சம் பாய்ந்து வருவதைப் பார்த்து விமானம் என்று நினைத்தார்கள். விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். விமானம் தாக்கியதாகவே தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்தப் பதற்றத்தில் அனுப்பிய இருப்பிடக் குறிப்பும் தவறாகப் போனதால் மீட்புப் படகுகள் வர வெகுநேரம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தான் விமானம் ஒன்று தன் சொந்த நாட்டுப் போர்க்கப்பலான சுல்ஃபிகாரையே இந்திய ஏவுகணைப் படகு என்று எண்ணித் தாக்கியது. அச்சம் மனிதரின் கணிப்பை எப்படிக் குலைக்கும் என்பதற்கு இது சான்று.

ஏவுகணை தானே இலக்கைத் தேடும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதன் ரேடாருக்குத் தெரிவது எதிரொலி மட்டும்தான். அது போர்க்கப்பலா, சரக்குக் கப்பலா, எந்த நாட்டுக் கொடி என்று அதற்குத் தெரியாது. பைத்தான் நடவடிக்கையில் கராச்சிக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பனாமா நாட்டுக் கொடியுடைய ‘கல்ஃப் ஸ்டார்’ மூழ்கியது. பிரிட்டனின் ‘ஹார்மட்டான்’ சேதமடைந்தது. இரண்டும் போரில் இல்லாத நாடுகளின் வாணிகக் கப்பல்கள். தானே முடிவெடுக்கும் இயந்திரங்களைப் பற்றி இன்று உலகமே பேசுகிறது. அந்தப் பேச்சின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றை 1971இலேயே பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

இழப்பு நம் பக்கமும் உண்டு. டிசம்பர் 9 இரவு, பைத்தானுக்கு அடுத்த நாள், தையூ அருகே நம் ‘குக்ரி’ போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலுடன் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வர மறுத்துவிட்டார். கைபரின் 222, குக்ரியின் 194 என்று இரண்டு எண்களையும் அருகருகே எழுதினேன். எந்த எண் பெரியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெற்றியைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைப்படும். விலையைச் சொல்லாமல் விட்டாலும் குறைப்படும். எதிரி என்றாலும் மனிதர் என்பதை மறந்துவிடாமல் சொந்த நாட்டின் வீரர்களைப் போற்ற முடியும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது புரிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

குளவிக்கும் மாற்று உண்டு

இந்தக் கதையை 1971இல் நிறுத்திவிட்டால், ‘சிறு படகு எதையும் வெல்லும்’ என்ற தவறான முடிவுக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எனவே 1973க்கும் போக வேண்டும்.

எய்லாத்தை இழந்த இஸ்ரேல் சும்மா இருக்கவில்லை. தானும் ஏவுகணைப் படகுகளைக் கட்டியது. கேப்ரியல் என்ற சொந்த ஏவுகணையையும் உருவாக்கியது. ஆனால் கேப்ரியல் சுமார் 20 கிலோமீட்டர்தான் பறக்கும். சிரியாவிடம் இருந்த ஸ்டிக்ஸ் அதைப்போல் இருமடங்கு போகும். ஆகவே இஸ்ரேல் படகு தாக்கும் தூரத்துக்கு வருவதற்குள் எதிரியின் ஏவுகணைகளைத் தாண்டி வர வேண்டும். எப்படி? ஏவுகணையின் ரேடாரை ஏமாற்றும் மின்னணுக் கருவிகளையும், மெல்லிய உலோக இழைகளை வானில் தூவிப் பொய் எதிரொலி உண்டாக்கும் முறையையும் கையாண்டார்கள். 1973 அக்டோபர் 6-7 இரவில், சிரியாவின் லத்தாக்கியா துறைமுகத்துக்கு வெளியே இருதரப்பிலும் ஏவுகணைப் படகுகள் மோதிய உலகின் முதல் கடற்போர் நடந்தது. சிரியா ஏவியவற்றில் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. சிரியா ஐந்து கலங்களை இழந்தது. இஸ்ரேல் ஒன்றையும் இழக்கவில்லை.

கராச்சியில் வென்ற அதே வகை ஆயுதம் இரண்டே ஆண்டுகளில் இங்கே தோற்றது. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் லின்க்ஸ் ஹெலிகாப்டர்கள், சீ ஸ்குவா ஏவுகணைகளால் இராக்கின் படகுகளை வரிசையாக அழித்தன. கடல் மட்டத்தில் ஒளிந்துகொள்ளும் படகால் வானிலிருந்து பார்ப்பவரிடம் ஒளிய முடியவில்லை. மறுபடியும் அதே அடிவானக் கணக்குதான். உயரம் கூடினால் பார்வைத் தூரம் கூடும்.

ஒரு கண்டுபிடிப்பு, அதற்கு மறுமொழியாக இன்னொன்று என்று அறிவியல் இப்படித்தான் நகர்கிறது. பூச்சிக்கொல்லியும் அதைத் தாங்கப் பழகும் பூச்சியும், கிருமியும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் என்று உயிரியல் ஆசிரியர்களுக்குத் தெரிந்த கதைதான்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

நான் செய்து பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பள்ளிக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது, பள்ளி மைதானத்தில் 38.6 மீட்டர் நீளத்துக்கும் 7.6 மீட்டர் அகலத்துக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு முப்பது பிள்ளைகளை உள்ளே நிற்க வையுங்கள். ஆறு மீட்டர் ஏவுகணைகள் நான்குக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்சமுள்ள இடத்தில் எங்கே சமைப்பது, எங்கே தூங்குவது என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். அளவியல் பாடமும் நடந்துவிடும்.

இரண்டாவது, அடிவானக் கணக்கு. 4, 9, 16, 25 மீட்டர் உயரங்களுக்கு அட்டவணை போட்டு வரைபடம் வரையச் சொல்லலாம். உயரம் நான்கு மடங்கானால் தூரம் இருமடங்குதான் ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது, வரைபட வேலை. கல்கத்தா முதல் பம்பாய் வரை, பம்பாய் முதல் கராச்சி வரை, போர்ட் சயித், லத்தாக்கியா, விளாடிவோஸ்டாக் ஆகிய இடங்களைக் குறிக்கச் செய்யுங்கள்.

நான்காவது, எழுத்துப் பயிற்சி. அன்றிரவு வீர் படகில் இருந்த ஒரு மாலுமியாகவும், கைபரில் உயிர்பிழைத்த ஒரு மாலுமியாகவும் தன்னை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் எழுதச் சொன்னேன். இரண்டையும் ஒரே பிள்ளை எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதல் கடிதத்தில் வெற்றி முழக்கம் எழுதியவர்கள், இரண்டாவதை எழுதிய பிறகு முதலாவதைத் திருப்பி வாங்கித் திருத்திக்கொண்டார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வாய்ப்புள்ளவர்கள் கர்நாடகத்தின் கார்வார் கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது பிள்ளைகளுடன் ‘சபல்’ என்ற படகைப் பாருங்கள். 1976இல் நம் கடற்படையில் சேர்ந்த, ஓசாவின் அடுத்த வகையைச் சேர்ந்த ஏவுகணைப் படகு. ஓய்வுபெற்ற பின் அருங்காட்சியகமாக நிற்கிறது. முதல் எட்டுப் படகுகளின் பெயர்கள் பலவும் பின்னர் வந்த பெரிய ஏவுகணைக் கப்பல்களுக்குச் சூட்டப்பட்டன. ‘கில்லர்ஸ்’ என்று அழைக்கப்படும் அந்தப் படகணிக்கு 2021 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் கொடி வழங்கப்பட்டது.

ஆசிரிய நண்பர்களே, இப்படிப்பட்ட பாடத்தில் இரண்டு எளிய வழிகள் நம் முன் உண்டு. வெற்றிக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது ஒன்று. போர் தீயது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மற்றொன்று. இரண்டிலும் பிள்ளை யோசிக்க வேண்டிய தேவை இல்லை. படகு எப்படி வேலை செய்தது, ஏன் வாங்கினார்கள், எப்படி வென்றது, யார் இறந்தார்கள், பிறகு எப்படித் தோற்றது என்று முழுமையாகச் சொன்னால் முடிவை அவர்களே எடுப்பார்கள். வரும் டிசம்பர் 4 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் அந்த ஒற்றை வரியுடன் குக்ரியின் பெயரையும் கைபரின் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் கேள்விகள் வரும். அவற்றுக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி வையுங்கள்.